பேண்டு வாத்தியார் வீட்டு மடு

ஏப்ரல் முதல் தேதியன்று அந்த ஊரில் பல்வலி, முதுகுவலி, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி லீவு போட்டுவிடுவார்கள். மேலதிகாரிகளும் ஏன் என்று கேட்பதில்லை. கேட்பதற்கு அவர்கள் ஆபீசில் இருந்தால்தானே? அவர்களும் மார்பு வரை ஏறும் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு ஹேவன்ஸ் ஓடையில் நின்றுகொண்டிருப்பார்கள். செனிகா ஏரியில் தின்று கொழுத்த டிரவுட் மீன்கள், பனி உருகித் தண்ணீர் பெருகியதும் முட்டையிட ஓடையேறி வரும். அன்றைக்குத்தான் தூண்டில் போட அனுமதி கிடைக்கும். சில இடங்களில் ஒரே தாவலில் தாண்டிவிடக்கூடிய சின்ன ஓடைதான். அதற்குள் கை நீளத்துக்கு ஒரு வெள்ளி மீன் நிற்பதைப் பார்த்தவர்கள் அப்புறம் வேறு எதிலும் மனசு வைக்கமாட்டார்கள்.

ரோண்டா டீட்டருக்கு ஐம்பத்திரண்டு வயது. பனிக்காலம் முழுக்க ஊர் ரோடுகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். கல்யாணம் ஒன்று நடந்து, அது பெரிய சத்தமில்லாமல் முடிந்துபோய் வெகுகாலமாயிற்று. அதைப்பற்றி அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவளுடைய வருத்தமெல்லாம் ஒன்றுதான்: ஏரியிலிருந்து ஏறிவரும் மீன் ஒன்றைக்கூட அவள் கரை சேர்த்ததில்லை. மாட்டாமல் இல்லை. மாட்டும், இழுக்கும், துள்ளும், கடைசி நிமிஷத்தில் தூண்டில் நரம்பு அறுந்துபோகும், அல்லது முள் நழுவிப்போகும். மார்வெலின் சாப்பாட்டுக் கடைச் சுவர் முழுக்க மீனோடு நிற்கிறவர்களின் போட்டோக்கள்தான். பாதிரியார் இருக்கிறார், தபால்காரர் இருக்கிறார், செத்து ஒதுங்கிய மீனைக் கவ்விக்கொண்டு நிற்கும் மார்வெலின் நாய்கூட இருக்கிறது. ரோண்டா இல்லை.

“உனக்குன்னு ஒரு ஆணி அடிச்சு வச்சிருக்கேன்டி,” என்பாள் மார்வெல், ஒவ்வொரு வருஷமும். “துருப்பிடிச்சுப் போச்சு. மாத்திட்டேன்.”

அந்த வருஷம் ஏப்ரல் முதல் தேதி ரோண்டாவும் அவள் தம்பி டுவைட்டும் இருட்டு விலகும்போதே ஓடைக்குப் போனார்கள். டுவைட் ஊரில் குழாய் ரிப்பேர் பார்க்கிறவன். பெரிய உடம்பு, பெரிய வாய், பயந்த சுபாவம். பாலத்தடியில் திருவிழாக் கூட்டம். தோளோடு தோள் இடிக்க நின்று, ஒருத்தர் சரடு மேல் இன்னொருத்தர் சரடை வீசி, சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“இங்க நின்னா மீன் வராது, சண்டைதான் வரும்,” என்றாள் ரோண்டா. “மேல போலாம் வா.”

“மேல எதுவரைக்கும் போறது? வாத்தியார் வீட்டுக்கு மேலயா?”

“மேலதான். ரோட்டைச் சுத்திக்கிட்டுப் போயிடலாம். அவர் நிலத்துல கால் வைக்க வேணாம்.”

வாத்தியார் என்றால் கார்ல்டன் வைக்காஃப். பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. ஓடையிலேயே நல்ல மடு அவர் வீட்டுக்குப் பின்னால்தான் இருந்தது. வேரோடு சாய்ந்த வில்லோ மரத்தடியில் ஆழமாக, பச்சையாக, அசையாமல் கிடக்கும் தண்ணீர். முன்னொரு வருஷம் வெளியூர்க்காரர்கள் சிலர் அங்கே வந்து வேலியை மிதித்துச் சாய்த்து, பீர் டப்பாக்களைப் போட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து மரத்துக்கு மரம் ‘உள்ளே வரக்கூடாது’ என்று பலகை. பலகையை மதிக்காமல் யாராவது நுழைந்தால் அவர் போலீசைக் கூப்பிடமாட்டார். பின்வாசலில் நின்று டிராம்போன் என்கிற நீளப் பித்தளைக் குழலை ஊதுவார். இழுத்து இழுத்து, எருமை ஈனுவதுபோல ஒரு சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாக மீன்பிடித்தவன் எவனும் இல்லை.

வாத்தியார் நிலத்துக்கு மேற்புறம் ஓடை ஒரு வளைவு எடுக்கும். அங்கே யாரும் இல்லை. இரண்டு பக்கமும் புதர் அடைத்துக் கிடந்ததால் தூண்டில் கம்பைத் தலைக்கு மேல் சுழற்றி வீச இடமில்லை. ரோண்டா கம்பை மெல்ல உயர்த்தி, நுனியால் ஒரு வட்டம் போட்டு, சரடைத் தண்ணீர்மேல் உருட்டிவிட்டாள். முள்ளில் கட்டியிருந்தது ஆரஞ்சு நிறக் கம்பளி உருண்டை. தண்ணீரில் நனைந்தால் மீன்முட்டை மாதிரியே இருக்கும். பனிக்காலத்து ராத்திரிகளில் லாரி ஷெட்டில் உட்கார்ந்து அவளே கட்டியது.

டுவைட் அதை உற்றுப் பார்த்தான். “அக்கா, இந்தக் கலரை நான் எங்கயோ பாத்திருக்கேனே?”

“பாத்திருப்ப.”

“என் குல்லா! கிறிஸ்துமஸ்ல இருந்து தேடிட்டிருக்கேன்!”

“முழுசா பிரிக்கலைடா. காது மூடுற பக்கம் அப்படியேதான் இருக்கு.”

அவன் வாயைத் திறந்து பதில் சொல்வதற்குள் சரடு நின்றது. ஓடும் தண்ணீரோடு மிதந்து போன சரடு, ஏதோ கல்லில் சிக்கியதுபோல ஒரு கணம் அப்படியே நின்றது. ரோண்டா கம்பைத் தூக்கினாள். கல் நகர்ந்தது.

மீன் முதலில் மேல்நோக்கிப் போனது. அப்புறம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒருமுறை துள்ளியது. அதன் அகலத்தைப் பார்த்து டுவைட் கெட்ட வார்த்தை ஒன்றைப் பிரார்த்தனை மாதிரிச் சொன்னான். விழுந்த வேகத்தில் அது திரும்பிக் கீழ்நோக்கி ஓடியது. கம்பில் சரடு சுற்றியிருந்த ரீல் அலறியது. ரோண்டா தண்ணீரிலேயே ஓடினாள். கற்கள் காலுக்கடியில் உருண்டன. டுவைட் கைவலையைத் தூக்கிக்கொண்டு கரையோரம் ஓடினான். வளைவு திரும்பியதும் சட்டென்று நின்றுவிட்டான். எதிரே மரத்தில் பலகை.

“அக்கா! வாத்தியார் நிலம்!”

“மீனுக்குப் படிக்கத் தெரியாதுடா, வா!”

“எனக்குத் தெரியுமே!” என்றான் அவன் பரிதாபமாக. கார்ல்டன் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் வருஷம் டுவைட் அவரிடம் மத்தளம் கற்றவன். தாளம் தப்பியதற்காக முழு பேண்டு முன்னாலும் எழுப்பி நிறுத்தப்பட்டவன். நாற்பத்துநாலு வயதிலும் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான்.

ரோண்டா பலகையைத் தாண்டினாள். தாண்டின கையோடு டிராம்போன் ஆரம்பித்தது.

மீன் மடுவுக்குள் இறங்கி, சாய்ந்த மரத்தின் வேருக்கடியில் புகுந்துகொண்டது. ரோண்டா இழுத்துப் பார்த்தாள். இளக்கிப் பார்த்தாள். சரடு வேரைச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கோடியில் மட்டும் ஏதோ பலமாக முட்டி முட்டி அதிர்ந்தது. பின்வாசலில் கார்ல்டன் கட்டம்போட்ட நீள அங்கியும் ரப்பர் பூட்சுமாக நின்று, கன்னம் சிவக்க ஊதிக்கொண்டிருந்தார்.

“சார்! கொஞ்சம் நிறுத்துங்க!” என்று கத்தினாள். “மன்னிச்சுக்கோங்க, நானா வரலை! மீன் இழுத்துட்டு வந்துடுச்சு!”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க! கிளம்புங்க!”

“வேருல சிக்கியிருக்கு! பெரிய மீன்! செவுள் மேல வெள்ளையா ஒரு தழும்பு…”

டிராம்போன் பாதி ஸ்வரத்தில் நின்றது. கார்ல்டன் அதைப் படிக்கட்டில் வைத்துவிட்டுத் தடதடவென்று இறங்கி வந்தார். கரையில் மண்டியிட்டுத் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தார். வேருக்கடியில் ஒரு வெள்ளி விலா புரண்டு மறைந்தது.

“சீமாட்டி,” என்றார் மெதுவாக. அப்புறம் கோபமாக: “நீங்க பிடிச்சிருக்கிறது சீமாட்டியை!”

“யாரை?”

“மூணு வருஷமா இங்க வந்து முட்டையிடுறா. சமையலறை ஜன்னல்ல இருந்து பாத்துட்டே இருப்பேன். வாலால சரளையைத் தோண்டிக் குழி பறிப்பா, மத்த மீனு கிட்ட வந்தா விரட்டுவா. அவளைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதானே நான் மூச்சு முட்ட ஊதுறேன்! வெட்டுங்க. இப்பவே நரம்பை வெட்டிவிடுங்க.”

ரோண்டா கம்பை இறக்காமலே அவரைப் பார்த்தாள். ஊரே அவரைக் கஞ்சன், சிடுமூஞ்சி என்று சொல்லிக்கொண்டிருந்தது. இந்த மனுஷன் மீனுக்குக் காவல் நின்றிருக்கிறார்.

“வெட்டினா செத்துடும் சார். நரம்பு வேரைச் சுத்தியிருக்கு. இந்தப் பக்கம் வெட்டினா கயித்துல கட்டின மாடு மாதிரி அங்கயே கிடக்கும். உள்ள கை விட்டு எடுக்கணும்.”

“எடுங்க அப்ப!”

“ரெண்டு கையும் வேணும். கம்பை யார் பிடிக்கிறது? என் தம்பி உங்க பலகையைப் பாத்துப் பயந்து அங்கயே நிக்கிறான்.”

கார்ல்டன் மேற்பக்கம் பார்த்தார். புதருக்குப் பின்னால் டுவைட்டின் தலை தெரிந்து மறைந்தது. “டீட்டர் பையன்தானே? இன்னும் ஒளியிறானா?” என்றார். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தார். “குடுங்க.”

“முன்னாடி பிடிச்சிருக்கீங்களா?”

“இல்லை. பிடிக்கவும் மாட்டேன். அவளுக்காகத்தான்.”

“நுனி மேலயே இருக்கட்டும். அவ இழுத்தா விடுங்க. ரீலை இறுக்கிப் பிடிச்சுடாதீங்க.”

ரோண்டா மடுவுக்குள் இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. வேர் இன்னும் தாழ்வாக இருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்தாள். நேற்றுவரை பனியாக இருந்த தண்ணீர் மார்பு விளிம்பைத் தாண்டி உடுப்புக்குள் கொட்டியது. அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு டுவைட் புதருக்குப் பின்னாலிருந்து “அக்கா!” என்று அலறினான். கன்னம் தண்ணீரில் கிடக்க, விரல் மரத்துப்போக, அவள் வேரைத் தடவித் தடவி நரம்பைக் கண்டுபிடித்தாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கையில் ஒருமுறை மீனின் விலா பட்டது. வழவழப்பாக, கெட்டியாக, துடித்துக்கொண்டு. அவள் அசையாமல் ஒரு நொடி அப்படியே இருந்தாள். பிறகு கடைசிச் சுற்றை வேரின் நுனி வழியாகக் கழற்றிவிட்டாள்.

“வந்துடுச்சு!” என்று தலையைத் தூக்கினாள்.

வந்தது மட்டுமில்லை, போனது. சீமாட்டி மடுவைவிட்டுக் கீழ்நோக்கிப் பாய்ந்தாள். கார்ல்டனின் கையில் கம்பு வில்லாக வளைந்தது. ரீல் பாடியது. அவர் முகம் சின்னப் பிள்ளை முகமாக மாறிப்போனது.

“ஐயோ! ஐயோ, இதென்ன இப்படி இழுக்குறா!”

“விடுங்க! விட்டுப் பிடிங்க! கூடவே போங்க!”

கார்ல்டன் கூடவே போனார். அங்கி பறக்க, பூட்சில் தண்ணீர் சளப் சளப்பென்று அடிக்க, தன்னுடைய வேலியையே தாண்டிக் குதித்துக்கொண்டு ஓடினார். ரோண்டா உடுப்புக்குள் ஒரு தொட்டித் தண்ணீரைச் சுமந்துகொண்டு, பானை மாதிரி வீங்கிப்போய்ப் பின்னால் தள்ளாடினாள்.

“நுனியைத் தூக்குங்க சார்! இப்பச் சுத்துங்க… சுத்துங்க… இப்ப வேணாம்!”

“புரிஞ்சது, புரிஞ்சது! அவ மூச்சு விடுறப்ப நான் இழுக்கணும். நான் மூச்சு விடுறப்ப அவ இழுப்பா!”

“இங்க குடுங்க கம்பை. நான் பாத்துக்கறேன்.”

“இருங்க. ஒரு நிமிஷம்.”

“சார், அது என் மீனு!”

“ஒரே நிமிஷம்!”

அந்த நிமிஷம் முடியவே இல்லை. மேலும் கீழும் மூன்று நான்கு ஓட்டம் ஓடி, ஒருமுறை துள்ளி கார்ல்டனின் மூக்குக் கண்ணாடியெல்லாம் நீர் தெளித்து, கடைசியில் மீன் பலகை இருந்த மேற்கோடிக்கே திரும்பி வந்து மேலாகப் புரண்டது. “வலை! வலை எங்கடா?” என்று ரோண்டா கூப்பிட்டாள். டுவைட் ஒரு கணம் பலகையைப் பார்த்தான், ஒரு கணம் வாத்தியாரைப் பார்த்தான்.

“டீட்டர்!” என்று கத்தினார் கார்ல்டன், பழைய பள்ளிக்கூடக் குரலில். “இப்ப நுழையணும்! நுழை!”

டுவைட் காட்டுப்பன்றி மாதிரிப் புதரைப் பிளந்துகொண்டு வந்து தண்ணீரில் விழுந்தான். விழுந்தவன் எழுந்தபோது வலைக்குள் சீமாட்டி இருந்தாள்.

மூன்று பேரும் முழங்கால் தண்ணீரில் வட்டமாக நின்றார்கள். முதுகு ஏரிப் பச்சை, விலாவில் ரோஜா நிறத்தில் ஒரு பட்டை, வயிறு முட்டையால் உருண்டு திரண்டிருந்தது. வாய் ஓரத்தில் டுவைட்டின் குல்லா ஒரு பொட்டாகத் தொங்கியது. ரோண்டா முள்ளை விரலால் திருப்பினாள். சுலபமாக வந்துவிட்டது.

“போட்டோ!” என்றான் டுவைட். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். போனிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

கார்ல்டன் ரோண்டாவைப் பார்த்தார். அவள் நினைத்திருந்தால் மீனைக் கரையில் போட்டு எடுத்துப் போயிருக்கலாம். எத்தனை வருஷம் காத்திருந்தாள், அந்த ஆணியை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஆனால் வேருக்கடியில் அவள் கையில் பட்ட அந்தத் துடிப்பு இன்னும் விரலில் இருந்தது. வலையை மெல்லத் தாழ்த்தினாள். ஒரு கையால் வாலைப் பிடித்து, ஒரு கையை வயிற்றுக்கடியில் கொடுத்து, நீரோட்டத்தைப் பார்க்கத் திருப்பிவைத்தாள். செவுள் திறந்து மூடியது. கொஞ்ச நேரம் அவள் கைமேலேயே சாய்ந்துகொண்டிருந்துவிட்டு, அவசரமே இல்லாமல் சீமாட்டி மடுவைப் பார்க்கப் போனாள்.

“தாங்க்ஸ்,” என்றார் கார்ல்டன். உடனே இன்னொன்றும் சொன்னார்: “உங்க உதடு நீலமாயிடுச்சு. உள்ள வாங்க. ரெண்டு பேரும்.”

சமையலறையில் அடுப்பு கணகணவென்று எரிந்தது. ரோண்டா அவருடைய கம்பளிச் சட்டையையும் கார்டுராய் பேண்டையும் போட்டுக்கொண்டு, இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டாள். கார்ல்டன் பான்கேக் சுட்டுத் தட்டில் அடுக்கி மேப்பிள் பாகை ஊற்றினார். டுவைட் போர்வைக்குள் உட்கார்ந்து தின்றுகொண்டே இருந்தான். பேச்செல்லாம் ஒன்றைப்பற்றித்தான்.

“மாட்டினது நான்,” என்றாள் ரோண்டா.

“இழுத்துக் கொண்டுவந்தது நான்,” என்றார் கார்ல்டன்.

“வலையில அள்ளினது யாராம்?” என்றான் டுவைட் வாய் நிறைய.

“நீ அள்ளலைடா, விழுந்த. மீன் வழியில இருந்துச்சு,” என்றாள் ரோண்டா. கார்ல்டன் சிரித்தார். அவர் சிரித்து டுவைட் பார்த்ததே இல்லை. அப்படியே பான்கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

மத்தியானம் மார்வெலின் கடையில் ஊரே கூடியிருந்தது. ரோண்டா உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. எல்லோர் கண்ணும் கயிறு கட்டிய பேண்டில் போய் நின்றது.

“அது யாரு பேண்டுடி?” என்றாள் மார்வெல்.

“வைக்காஃப் சாரோடது. தண்ணில விழுந்துட்டேன். மார்வெல், கேளு, நான் மீன் பிடிச்சேன்!”

“மீன் எங்க?”

“விட்டுட்டேன்.”

“போட்டோ?”

“டுவைட் போன் நனைஞ்சிடுச்சு.”

“சரி,” என்றாள் மார்வெல், கடைமுழுக்கக் கேட்கும்படி. “மீன் இல்லை, போட்டோ இல்லை, பேண்டு மட்டும் இருக்கு. நீ என்னத்தைப் பிடிச்சேன்னு எங்களுக்குப் புரியுதுடி கண்ணு.”

கடை குலுங்கியது. தபால்காரர் மேசையைத் தட்டினார். ரோண்டாவுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. நடந்ததைச் சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகப் போனது. டுவைட் சாட்சி சொன்னான். அவன் சாட்சியை அந்த ஊரில் யாரும் எப்போதும் எடுத்துக்கொண்டதில்லை.

அப்போது கதவு திறந்தது. கார்ல்டன் வைக்காஃப் நின்றார். தலை வாரி, நல்ல சட்டை போட்டிருந்தார். அவர் அந்தக் கடைக்குள் கால் வைத்து எத்தனையோ வருஷம். கையில் ஒரு காகிதப் பை.

“உங்க சாக்ஸ்,” என்றார் ரோண்டாவிடம், எல்லோர் முன்னாலும். “அடுப்புக்கிட்டக் காயப்போட்டேன். மறந்துட்டீங்க.”

சிரிப்பில் கூரை போய்விடும்போல இருந்தது. கார்ல்டனுக்கு ஏன் என்று புரியவில்லை. சத்தம் அடங்கும்வரை பேண்டு வாத்தியப் பிள்ளைகள் முன்னால் நிற்கிற மாதிரி நேராக நின்றார்.

“என்ன சிரிப்பு?” என்றார். “இந்தம்மா பிடிச்ச மீனை நான் பாத்தேன். என் கையால பிடிச்சிருந்தேன். இந்தச் சுவத்துல இருக்கிற எதுவும் அதுக்குப் பக்கத்துல நிக்காது. முட்டையோட இருந்துச்சுன்னு விட்டுட்டாங்க. உங்கள்ல எத்தனை பேர் விடுவீங்க?”

பாதிரியார் தன் போட்டோவைப் பார்க்காமல் காப்பியைப் பார்த்தார். தன்னைப்பற்றி ஒருத்தர் இப்படி எழுந்து நின்று பேசி ரோண்டா கேட்டதில்லை.

மார்வெல் மட்டும் அசரவில்லை. “உங்க கையால பிடிச்சீங்களா? உங்களுக்கு அந்த வேலையெல்லாம் தெரியுமா வாத்தியாரே?”

“தெரியாது,” என்றார் கார்ல்டன். கொஞ்சம் தயங்கிவிட்டு ரோண்டாவின் மேசைப் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியது யாருக்கும் கேட்காமல் இல்லை. “அதான் கேக்கலாம்னு வந்தேன். நாளைக்குக் காலைல உங்களுக்கு வேலையா?”

“ரோட்டுல குழி அடைக்கணும். மழை வந்தா இல்லை.”

“மழை வரும்னு ரேடியோல சொன்னான்.”

“அப்ப வேலை இல்லை,” என்றாள் ரோண்டா. “ஆனா சீமாட்டி பக்கம் போகக்கூடாது. கீழ பாலத்துக்கிட்ட, எல்லாரும் நிக்கிற இடத்துல, நின்னு இடி வாங்கணும். சம்மதமா?”

“சம்மதம்.”

அவள் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். கார்ல்டன் உட்கார்ந்தார். எதிரே இருந்த டுவைட், யாரும் சொல்லாமலே எழுந்து கல்லாப் பக்கம் போய்விட்டான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் தாளம் தப்பவில்லை.

மார்வெல் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த, திராட்சைப் பூரணம் வைத்துச் சுட்ட ‘பை’ துண்டு ஒன்றை ஒரே தட்டில் வைத்து, இரண்டு முள்கரண்டி சொருகிக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

ரோண்டா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒரு கரண்டியைப் பிடுங்கி அவளிடமே நீட்டினாள்.

“அவருக்குத் தனியா ஒரு தட்டு கொண்டா. காலைல மீன்லயே பாதி பங்கு வாங்கிட்டாரு.”